கட்டும் கையும் கணக்கெழுதும் கையும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில், சாரத்தில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நம்மிடம் வந்து, "கல்வியின் சிறப்பு" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு கேட்டனர். அதனைப் பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் பேசி வருகிறோம். கேட்கும் பிள்ளைகளுக்கும் சலிப்பு. சொல்லும் நமக்கும் சலிப்பு. ஆதலின் வேறொரு பொருளைக் கேட்டுப் பெற்றோம். பெரிய கட்டுமானத் திட்டங்களில் நாள்தோறும் ஆகும் செலவையும் முடியும் வேலையையும் அளந்து, ஒப்பிட்டு, மாதந்தோறும் அறிக்கை எழுதும் தொழிலே அப்பொருள். ஆங்கிலத்தில் இத்துறையைப் பிராஜெக்ட் கன்ட்ரோல்ஸ் என்பர். நாம் திட்டக் கட்டுப்பாடு என்போம். 'தலைமையாசிரியருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று முன்வரிசையில் சிலர் முணுமுணுப்பது செவியில் விழுகிறது. தொடர்பு உண்டு. அது பெருமைக்குரிய தொடர்பன்று. சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறோம்.

நாம் வாழும் இப்பகுதியின் பெயர் சாரம். கட்டடம் எழும்பும்போது கொத்தனார் நின்று வேலை செய்யச் சவுக்குக் கழிகளை நட்டுக் கட்டும் அமைப்பிற்கும் சாரம் என்பதே பெயர். ஊர்ப்பெயர் அதனால் வந்ததோ பிறிதொன்றால் வந்ததோ, அதனை ஆராய்ச்சியாளர் கூறட்டும். ஆயினும் இந்நகரில் எழுந்த மாடங்களிலும் கூடங்களிலும் சாரத்தின்மேல் ஏறியிறங்கிய கால்களில் நம் மக்களின் கால்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், பெயர்ப் பொருத்தம் நெஞ்சைச் சுடுகிறது. கட்டடம் முடிந்தவுடன் சாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிடுவர். திறப்பு விழாக் கல்வெட்டில் சாரத்துக்கு இடமில்லை.

நம் அன்னையார் சித்தாள் வேலைக்குச் சென்றவர். நாம் மூன்றாம் வகுப்புப் படித்த காலம் அது. சனிக்கிழமை மாலையில் கூலி வழங்கும் நேரத்தில் அவருடன் சென்று நிற்பது வழக்கம். வரும் வழியில் பொரி வாங்கித் தருவார் என்பது ஒரு காரணம். அன்று மேஸ்திரியின் நோட்டுப் புத்தகம் நம் கண்ணுக்கு நேராக விரிந்து கிடந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவமாதலால், கண்டதையெல்லாம் உரக்கப் படிக்கும் பழக்கம் இருந்தது. அன்னையாரின் பெயரைப் படித்தோம். எதிரே இருந்த எண்ணையும் படித்தோம்: "நாலு நாள்."

அவர் உழைத்தது ஆறு நாள்.

மேஸ்திரி நோட்டை மூடினார். அன்னையார் நம் கையை அழுத்திப் பிடித்தார். கொடுத்த நான்கு நாள் கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். மறு வாரமும் வேலை வேண்டுமே! வழியில் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த நோட்டுல எம் பேரு எப்டிடா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். தெருப்புழுதியில் விரலால் எழுதிக் காட்டினோம். குனிந்து பார்த்துவிட்டு நடந்தார். பொரி வாங்கவில்லை.

அந்த நோட்டுப் புத்தகம் நம்மை விட்டு இன்னும் அகலவில்லை. மண் சுமந்தவர், கல் சுமந்தவர், சாந்து குழைத்தவர் நம்மவர். எத்தனை கூடை சுமந்தனர் என்று எழுதியவர் வேறொருவர். கைநாட்டு இட்டவர் நம்மவர். எதன்கீழ் இட்டோம் என்று அறிந்தவர் வேறொருவர். மராட்டிய மண்ணில் மகாத்மா ஜோதிராவ் புலே பள்ளிக்கூடங்கள் திறந்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். அவர் கட்டுமானப் பொருள் வழங்கும் ஒப்பந்தக்காரராகவும் இருந்தார் என்பதைப் பலர் அறியார். புனே நகருக்கருகே கடக்வாஸ்லா அணை கட்டப்பட்ட காலத்தில் அவ்வேலையோடு தொடர்பு கொண்டிருந்தார். பொதுப்பணித் துறையின் கணக்குகளில் ஏழைக் கூலியாட்கள் எவ்வாறு வஞ்சிக்கப்படுகின்றனர் என்று நேரிற் கண்டு, அதனை எழுத்திலும் வடித்தார். மேஸ்திரியின் நோட்டு புதுச்சேரிக்கு மட்டும் உரியதன்று.

இனித் தொழிலுக்கு வருவோம். அதனை விளக்க நம் கழகத்துப் படிப்பக மண்டபத்தின் கதையை விடச் சிறந்த பாடம் நம்மிடம் இல்லை. மூத்த உறுப்பினர்களுக்கு இது பாதி தெரிந்த கதை. மறுபாதியை இன்றுதான் சொல்லப் போகிறோம்.

2011-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மண்டப வேலை தொடங்கியது. மதிப்பீடு 10 இலட்சம் ரூபாய். காலம் 10 மாதம். பொருளாளர் பொறுப்பு நம்முடையது. ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்டு 15 அன்று கொடியேற்றிய பின் உறுப்பினர் கூட்டம் கூடியது. கணக்கை நிமிர்ந்த தலையோடு வாசித்தோம்: "பாதிக் காலம் கடந்துவிட்டது. பாதிக் காலத்திற்குத் திட்டமிட்ட செலவு 5 இலட்சம். ஆன செலவு 4 இலட்சத்து 60 ஆயிரம். 40,000 ரூபாய் மிச்சப்படுத்தியுள்ளோம்." கைதட்டல் எழுந்தது. ஒரு பெரியவர் துண்டு ஒன்றும் போர்த்தினார். அத்துண்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.

கூட்டம் கலைந்தபின் நம் பழைய மாணவர் ஒருவர் வந்தார். அவருடைய தாயாரும் சித்தாள் வேலை பார்த்தவர். கட்டடத் துறையில் டிப்ளமோ முடித்துச் சென்னையில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், எவ்வளவு செலவாச்சுன்னு சொன்னீங்க. எவ்வளவு வேலை முடிஞ்சுதுன்னு சொல்லலையே?"

"பாதி முடிந்திருக்கும்" என்றோம். "அளந்து பார்த்தீங்களா, சார்?" என்றார். அளக்கவில்லை.

அன்று மாலையே டேப்பை எடுத்துக்கொண்டு அளந்தார். கடைக்கால், தூண், சுவர் என ஒவ்வொன்றையும் மதிப்பீட்டில் கண்ட விலைக்குப் பெருக்கிக் கூட்டினார். முடிந்த வேலையின் மதிப்பு 3 இலட்சத்து 50 ஆயிரமே. அடுத்து, "கடை நோட்டில் பாக்கி ஏதும் உண்டா?" என்று கேட்டார். இருந்தது. சிமெண்டும் கம்பியும் கடனாக எடுத்த வகையில் 40,000 ரூபாய். பணம் கொடுக்காததால் நம் கணக்கில் ஏறவில்லை. நாம் மிச்சம் என்று முழங்கிய தொகை அதுவே!

ஆக, உண்மையான செலவு 5 இலட்சம். முடிந்த வேலையோ மூன்றரை இலட்சத்திற்கு உரியது. போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 70 காசு வேலைதான் கிடைத்திருக்கிறது. இதே போக்கில் சென்றால் 10 இலட்ச ரூபாய் வேலையை முடிக்க எவ்வளவு வேண்டும்? பத்தை 0.7-ஆல் வகுத்துப் பாருங்கள்; 14 இலட்சத்து 28 ஆயிரத்தைத் தாண்டும். இக்கணக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் பி.ஏ., பி.எட். பட்டம் பெற்று, அவ்வேழாம் வகுப்புக்கே பாடம் நடத்திய நமக்கு அன்று தோன்றவில்லை. செலவைத் திட்டத்தோடு ஒப்பிட்டோம், வேலையோடு ஒப்பிடவில்லை. திட்டத்தைவிடக் குறைவாகச் செலவானது சிக்கனத்தால் அன்று, வேலை பின்தங்கியதால்.

இம்முறைக்கு 'ஈட்டிய மதிப்பு' என்று பெயர். 1967-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் பெரிய ஒப்பந்தங்களுக்கு விதித்த நெறிகளின் வழியாக இது உலகில் பரவியது. அதற்குப் பத்தாண்டு முன்னர், 1957-ஐ ஒட்டி, டுபாண்ட் நிறுவனத்தில் எந்த வேலை தவறினால் முழுத் திட்டமும் தவறும் என்று கண்டறியும் கால அட்டவணை முறை உருவாயிற்று. இன்று கணினியில் அக்கணக்குகளைச் செய்யும் பிரைமவேரா என்னும் மென்பொருள் 1983-இல் தோன்றிய நிறுவனம் ஒன்றின் படைப்பாகும். பெயர்கள் புதியவை. உள்ளே இருப்பது அம்மாணவர் கேட்ட மூன்று கேள்விகளே: எவ்வளவு வேலை முடிந்திருக்க வேண்டும்? எவ்வளவு முடிந்தது? அதற்கு உண்மையில் எவ்வளவு ஆயிற்று?

கடை நோட்டுப் பாக்கியை எளிதாக எண்ணிவிடாதீர்கள். தொழில் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. நம் வீட்டுத் திருமணத்தை நினைத்துப் பாருங்கள். மண்டபத்திற்கு முன்பணம் கொடுத்தாயிற்று; சமையற்காரருக்குச் சொல்லியாயிற்று; பந்தற்காரருக்கு வெற்றிலை பாக்கு வைத்தாயிற்று. பெட்டியில் இன்னும் 2 இலட்சம் இருக்கிறதே என்று புதுத் தொலைக்காட்சி வாங்கினால் என்னாகும்? பெட்டியில் இருக்கும் பணம் வாக்குக் கொடுத்த பணம், அது நம்முடையதன்று. பெரிய திட்டங்களிலும் அப்படியே. ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே அத்தொகை கட்டுண்ட செலவாகப் பதிவாக வேண்டும். பில் வரும்வரை காத்திருப்பவர் எழுதும் கணக்கு பழைய கணக்கு.

மண்டபத்தின் மறுபாதிக் கதை இனிமேல் வருகிறது. அம்மாணவர் கணக்கைத் தாளில் எழுதி, தேதியிட்டு, நம் கையில் கொடுத்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். நாம் அதைக் கழகத்தாரிடம் காட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து மேசை இழுப்பறைக்குச் சென்றது; அங்கேயே மூன்று மாதம் கிடந்தது. காரணம், நன்கொடை வசூல் நடந்துகொண்டிருந்தது. '14 இலட்சம் ஆகும் என்று சொன்னால் கொடுப்பவர் கையை மடக்கிக்கொள்வாரே!' என்னும் அச்சம் ஒருபுறம். துண்டு போர்த்திய பெரியவர் முகத்தில் எப்படி விழிப்பது என்னும் நாணம் மறுபுறம். அடுத்த மாதம் எப்படியோ சரியாகிவிடும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். இத்தொழிலில் தவறும் எல்லாரும் சொல்லிக்கொள்ளும் வாசகம் அதுவே என்று பிற்பாடு அறிந்தோம்.

நவம்பரில் பணம் தீர்ந்தது. மேல்தளத்திற்குப் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, கம்பி கட்டியாயிற்று. கான்கிரீட் போடப் பணமில்லை. டிசம்பர் 30-ஆம் நாள் விடியலில் தானே புயல் வந்தது. அப்புயல் இப்பக்கத்தில் செய்ததைச் சொல்ல வேண்டியதில்லை. பலகையும் முட்டும் பறந்தன. கட்டிய கம்பி வளைந்து கிடந்தது, எஞ்சியது துருவேறியது. மண்டபம் முடிய 2013 மே மாதமாயிற்று. மொத்தச் செலவு 16 இலட்சத்தைத் தொட்டது. அதில் புயலின் பங்கு எவ்வளவு, நம் இழுப்பறையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் விடை சொல்வோம்: ஆகஸ்டிலேயே அத்தாளை மேசைமேல் வைத்திருந்தால் மண்டபத்தின் நீளத்தை ஐந்தடி குறைத்திருக்கலாம், தரைக்கு விலை குறைந்த கல் போட்டிருக்கலாம், சுற்றுச்சுவரை மறு ஆண்டுக்குத் தள்ளி, மழைக்கு முன் கூரையை முடித்திருக்கலாம். நவம்பரில் அவற்றுள் ஒன்றும் கைவசம் இல்லை. செலவறிக்கை என்பது கெட்ட செய்தி சொல்லும் தாள் என்று பலர் கருதுகின்றனர். வேளையோடு வந்தால் அது தெரிவு செய்யும் வாய்ப்பைத் தருவது. வேளை தவறிவிட்டால் வெறும் மரண அறிவிப்பு.

இதனைப் பதின்மூன்று ஆண்டு மறைத்து வைத்திருந்தோம் என்பதற்காக இம்மேடையில் உங்களிடம் மன்னிப்புக் கோருகிறோம்.

நம் மண்டபம் சிறியது. நாட்டின் பெரிய திட்டங்களைப் பாருங்கள். திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளத்தில் முதல் இரண்டு அணுமின் அலகுகளுக்கு முதலில் ஒப்புதலான தொகை 13,171 கோடி ரூபாய். 2002-இல் கட்டுமானம் தொடங்கிற்று. 2007-இலும் 2008-இலும் முடிய வேண்டியவை. முதல் அலகு 2014 டிசம்பர் 31 அன்றும், இரண்டாம் அலகு 2017 மார்ச் 31 அன்றும் வணிக உற்பத்திக்கு வந்தன. செலவு முதலில் 17,270 கோடி என்றும், பின்னர் 22,462 கோடி என்றும் திருத்தப்பட்டது. முதல் மதிப்பீட்டுக்கு மேல் ஏறத்தாழ 70 விழுக்காடு! அணு உலை வேண்டுமா வேண்டாமா என்னும் வழக்கினுள் நாம் புகவில்லை. கணக்கு மாணவனாக மட்டும் பார்க்கிறோம். உருசியாவிலிருந்து கருவிகள் வரத் தாமதம், 2011-12-இல் மக்கள் போராட்டம், இவை யாவும் காலத்தை நீட்டின. காலம் நீள நீள, கடன் பணத்திற்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். வேலை நின்றாலும் வட்டி நிற்காது. கந்துவட்டிக்கு வாங்கித் தவித்த குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

நடுவண் அரசின் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம், 150 கோடி ரூபாயும் அதற்கு மேலுமான நடுவண் அரசுத் திட்டங்களைக் கண்காணித்து மாதந்தோறும் அறிக்கை வெளியிட்டு வந்துள்ளது. 2023 டிசம்பர் மாத அறிக்கையில் 1,820 திட்டங்கள். அவற்றின் முதல் மதிப்பீடு ஏறத்தாழ 25 இலட்சத்து 87 ஆயிரம் கோடி. முடியும்போது ஆகக்கூடியது 30 இலட்சத்து 69 ஆயிரம் கோடிக்கும் மேல். 431 திட்டங்கள் செலவில் மிஞ்சின. 848 திட்டங்கள் காலத்தில் பிந்தின. இவ்வறிக்கைகளை எவரும் படிக்கலாம். சினிமாச் செய்தி படிக்கும் கைப்பேசியிலேயே படிக்கலாம். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஓர் அறிக்கையை எடுத்து, ஒரே ஒரு திட்டத்தை மட்டும் ஆறு மாதம் தொடர்ந்து கவனித்து வாருங்கள். தொழிலின் பாதி விளங்கிவிடும்.

இங்கே அண்ணல் அம்பேத்கரை நினைக்காமல் அப்பால் செல்ல இயலாது. அவர் படத்திற்கு மாலையிடுகிறோம். சட்டப் புத்தகத்தைக் கையிலேந்திய சிலை வைக்கிறோம். அவர் பயின்ற முதன்மைப் பாடம் பொருளியல் என்பதை மறந்துவிடுகிறோம். இரூபாயின் சிக்கல் பற்றி இலண்டனில் ஆராய்ந்து 1923-இல் நூல் வெளியிட்டவர் அவர். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது நீர்ப்பாசனமும் மின்சாரமும் பொதுப்பணியும் அவர் துறையின்கீழ் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் தொடக்க ஆலோசனைகள் அவர் தலைமையில் நடந்தன. பின்னர் 1949 மே 30 அன்று அரசியல் நிருணய சபையில், கணக்குத் தணிக்கைத் தலைவரின் பதவியைப் பற்றிப் பேசும்போது, அரசமைப்பில் அவரே மிக முக்கியமான அலுவலராக இருக்கலாம் என்னும் கருத்தைத் தெரிவித்தார். நீதிபதிகளின் கடமையினும் அவர் கடமை பெரிது என்றும் சொன்னார். ஏன் சொன்னார்? மக்கள் மன்றம் ஒதுக்கிய பணம் ஒதுக்கிய வேலைக்கே சென்றதா என்று பார்ப்பவர் அவரன்றோ? அத்தணிக்கைத் துறை 2017-இல் வெளியிட்ட அறிக்கைகளுள் ஒன்று, நாம் சற்றுமுன் பார்த்த கூடங்குளத்து இரு அலகுகளைப் பற்றியதே.

இளைஞர்களே, 'எங்கே தொடங்குவது?' என்று கேட்பீர்கள். முதல் வழி நம் பக்கத்திலேயே, இலாசுப்பேட்டையில் இருக்கிறது. மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கில் கட்டடப் பொறியியல் டிப்ளமோ படிக்கலாம். பெண்களுக்கென்று தனிப் பாலிடெக்னிக்கும் அங்குண்டு. மேலே படிக்க விரும்புவோர்க்குப் பிள்ளைச்சாவடியில் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொறியியற் கல்லூரியாக இருந்து வளர்ந்தது அது. வணிகவியல் பிள்ளைகள் மனந்தளர வேண்டா. செலவுக் கணக்காளர் நிறுவனம் 1944-இல் தோன்றியது. 1959-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிலைபெற்றது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் அதன் அடிப்படைத் தேர்வுக்குப் பதியலாம். கல்வி உதவித்தொகை பற்றிய ஐயங்களுக்குச் செயலாளரை அணுகுங்கள். அவர் மேசையில் விண்ணப்பங்கள் உள்ளன.

படித்து முடித்ததும் குளிரூட்டிய அறையில் அமர்ந்து அறிக்கை எழுதலாம் என்று கனவு காணாதீர்கள். முதல் ஓராண்டு, இரண்டாண்டு வெயிலில் நின்று அளவெடுங்கள். வரைபடத்தைப் பார்த்து எத்தனை கனமீட்டர் கான்கிரீட், எத்தனை டன் கம்பி என்று சொல்லப் பழகுங்கள். அரசு விலைவிகிதப் பகுப்பாய்வைப் படியுங்கள். சதுரமீட்டர் பூச்சுக்கு எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள் வேண்டும் என்பது அதில் பகுத்துக் காட்டப்பட்டிருக்கும். உங்கள் வீட்டில் அதனை உடம்பால் அறிந்தவர் இருப்பர். புத்தகத்தில் உள்ளது சரியா என்று அவரிடம் கேளுங்கள். பட்டணத்துப் பொறியாளர் பிள்ளைக்கு இல்லாத ஆசிரியர் அவர். எக்செல் தாளில் நல்ல தேர்ச்சி வேண்டும். பிரைமவேரா அதற்குப் பிறகு. ஆங்கிலத்தில் பத்து வரி தெளிவாக எழுதத் தெரிந்தால் போதும். பத்துப் பக்கம் எவரும் படிக்கமாட்டார். அமெரிக்காவில் 1956-இல் தோன்றிய செலவுப் பொறியாளர் சங்கத்தின் சான்றிதழ் உலகெங்கும் மதிக்கப்படுகிறது. ஆனால் பல்லாண்டு அனுபவமின்றி அத்தேர்வை எழுத முடியாது. 'மூன்றே மாதத்தில் சான்றிதழ், வளைகுடாவில் வேலை உறுதி' என்று சுவரொட்டி ஒட்டுவோரிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். அதற்காக வீட்டுத் தாலியை அடகு வைத்த குடும்பத்தை நாம் அறிவோம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். 'அரசு வேலைதான் வேலை' என்பீர்கள். அரசு வேலையால் தலை நிமிர்ந்த நாம் அதனைக் குறைத்துப் பேசமாட்டோம், தேர்வுகளை எழுதட்டும். ஆனால் காத்திருந்து காத்திருந்து முப்பத்தைந்து வயதைக் கடக்கும் பிள்ளைகள் நம் தெருவில் எத்தனை பேர்? இத்துறையில் வேலை பெரும்பாலும் தனியார் நிறுவனங்களில் இருக்கிறது. அங்கே இடஒதுக்கீடு இல்லை. அறிந்தவர் அறிந்தவரை அழைத்துக்கொள்ளும் இடம் அது. நமக்கோ அறிந்தவர் இல்லை. ஆதலின் முன்னே சென்ற ஒருவர் பின்னே வருபவருக்குக் கைகொடுப்பது இக்கழகத்தின் வேலையாக வேண்டும். அன்று டேப் பிடித்து அளந்த மாணவர் இன்று ஒரு நிறுவனத்தில் செலவுக் கட்டுப்பாட்டுப் பிரிவின் மூத்த பொறுப்பில் இருக்கிறார். நம் பிள்ளைகள் இருவரை அத்துறைக்கு ஆற்றுப்படுத்தியுள்ளார். இன்று மேடைக்கு வர மறுத்து எங்கோ பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் நம்மிடம் சொன்ன ஒன்றை உங்களிடம் சேர்ப்பிக்க வேண்டும். எல்லாத் தளங்களிலும், "தொண்ணூறு சதம் முடிந்தது" என்னும் பேச்சு ஒன்று உலவுமாம். இந்த மாதமும் தொண்ணூறு, அடுத்த மாதமும் தொண்ணூறு. எஞ்சிய பத்து மட்டும் முடியவே முடியாது. இதற்கு மருந்து, எது முடிந்தால் எத்தனை விழுக்காடு என்பதை வேலை தொடங்குமுன்பே எழுதி, இருதரப்பும் கையொப்பமிடுவதுதான். பிறகு முகம் பார்த்து எண் போட வேண்டிய தேவை இராது.

முகம் பார்த்து எண் போடும் நெருக்கடி நம் பிள்ளைகளுக்கு இருமடங்கு. மேலாளர் விரும்பாத எண்ணை எழுதினால், 'புதிதாக வந்தவன், இவனுக்கு என்ன தெரியும்' என்பர். எவர் வீட்டுப் பிள்ளை என்று அறிந்தபின் அச்சொல்லின் தொனி மாறும். எண் பின்னால் பிழையானாலோ, அதற்கும் பிறப்பையே காரணம் காட்டுவர். இது நடக்காது என்று பொய் சொல்லி உங்களை அனுப்ப நமக்கு மனமில்லை. பொதுப்பணித் துறையில் அளவுப் புத்தகம் என்று ஒன்றுண்டு. பக்கங்களுக்கு எண் இட்டிருக்கும். எந்தப் பக்கத்தையும் கிழித்தல் கூடாது. மையால் எழுத வேண்டும், அழித்தல் கூடாது. பிழையானால் கோடிட்டு அடித்து, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். இவ்விதியை உங்கள் சொந்தக் குறிப்பேட்டிலும் கடைப்பிடியுங்கள். எங்கே அளந்தீர்கள், எந்நாளில், உடன் நின்றவர் யார் என்பதை அன்றன்றே எழுதிவிடுங்கள். இதே புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதி வைத்தார். ஆளுநர்களின் பெருமையும் சிறுமையும் அதனால் இன்றும் கிடைக்கின்றன. உங்கள் எண்ணை ஒருவர் மாற்றச் சொன்னால், "அளவு இது; மாற்றுக் காரணத்தை எழுத்தில் கொடுங்கள், அதனையும் சேர்த்து வைக்கிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலோர் எழுதித் தரமாட்டார். மாற்றச் சொல்லும் பேச்சும் அதோடு நிற்கும்.

சிலவேளை நிற்காமலும் போகலாம். அப்போது வேலையை விட்டுத் திரும்பி வரும் பிள்ளையை, 'இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்தான்' என்று வீட்டார் ஏசாதிருக்க வேண்டும். இதனைப் பெற்றோரிடம் தனியே வேண்டிக்கொள்கிறோம்.

இனி நம் கழகத்துக்கு வருவோம். மண்டபத்தின்மேல் மாடியில் நூலக அறை கட்டும் வேலை நடக்கிறது. இம்முறை கணக்கு நம் கையில் இல்லை. பாலிடெக்னிக்கில் பயிலும் நம் பிள்ளைகள் இருவர், ஒருவர் பெண், மாதத்தின் கடைசி ஞாயிறன்று அளவெடுத்து, திட்டம், முடிந்த வேலை, ஆன செலவு, கட்டுண்ட செலவு, இன்னும் வேண்டியது என ஐந்து வரிகளைப் பலகையில் எழுதி வைக்கின்றனர். செயலாளரிடமோ நம்மிடமோ முன்கூட்டிக் காட்டத் தேவையில்லை என்பது தீர்மானம். சென்ற மாதக் கணக்கில் ஒரு ரூபாய்க்கு 88 காசு வேலைதான் நடந்திருக்கிறது என்று எழுதியுள்ளனர். மணல் விலையும், ஒருமுறை இடித்துக் கட்டிய மாடிப்படியும் காரணம் என்று கீழே குறித்துள்ளனர். விழா நாளாயிற்றே, விருந்தினர் பார்ப்பார்களே, ஒரு வாரம் பலகையை உள்ளே வைக்கலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். அப்பெண் மறுத்துவிட்டாள். பலகை மாடிப்படியின் அடியில் இருக்கிறது. உணவுக்குச் செல்லும் வழியில் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். படிக்கட்டின் அகலத்தைக் குறைக்கலாமா, அலமாரியைப் பிற்பாடு செய்யலாமா என்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும்.